கிட்டாருக்கு மாற்று முறுக்காணி வாங்குவது எப்படி?



தோட்டத்து லயங்களிலும், தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்த நம் குடும்பங்களிலும் கிட்டார் ஒன்று சுவரில் தொங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். அண்ணன் வாங்கியது, தம்பிக்கு வந்தது, இப்போது தங்கை கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள் என்று அது கைமாறி வந்திருக்கும். கோயில் பஜனைக்கும், திருமண வீட்டு மெல்லிசைக்கும், பள்ளி விழாவுக்கும் அது உழைத்திருக்கும். ஒரு நாள் அதன் தலைப்பக்கத்தில் இருக்கும் முறுக்காணி கெட்டுப்போகும். தந்தியை ஏற்றினால் நிற்காது. நின்றாலும் ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடும். “இது பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்” என்று யாராவது யோசனை சொல்வார்கள். புதிது வாங்கப் பணம் இருக்காது. பழைய கிட்டார் பரணுக்குப் போகும். பிள்ளையின் பயிற்சியும் அதோடு நின்றுவிடும்.

இது தேவையில்லாத இழப்பு. கிட்டாரின் உடல் நன்றாக இருக்கும்போது, சிறிய உறுப்பு ஒன்று தேய்ந்ததற்காக முழு வாத்தியத்தையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆகவே மாற்று முறுக்காணியைத் தேர்ந்தெடுத்து வாங்கும் முறையை இன்று பார்ப்போம்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். வீணையில் இதைப் பிருடை என்கிறோம்; முறுக்காணி என்றும் சொல்வதுண்டு. கிட்டார் வாசிக்கும் இளைஞர்கள் ‘கீ’ என்பார்கள். எந்தப் பெயரால் அழைத்தாலும் வேலை ஒன்றுதான். தந்தியை இழுத்து, வேண்டிய சுருதியில் நிறுத்தி, அங்கேயே பிடித்து வைத்திருக்க வேண்டும். நைலான் தந்தி பூட்டிய கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 40 கிலோ. பத்துக் கிலோ அரிசி மூட்டை நான்கின் பாரத்தை, விரல் அளவு உறுப்புகள் ஆறு இரவும் பகலும் தாங்குகின்றன. அதனால்தான் அவை தேய்கின்றன.

இந்த உறுப்பு எப்போதும் உலோகத்தால் ஆனதாக இருக்கவில்லை. ஸ்பெயின் நாட்டின் தென்பகுதி அண்டலூசியா. அங்கே பிறந்த இசை ஃபிளமெங்கோ. அதை வளர்த்தவர்களில் ஹித்தானோ எனப்படும் நாடோடி மக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களுடைய முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டுப் போனவர்கள் என்பதை மொழி ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. பிறந்த மண்ணை விட்டு வந்து, உடலுழைப்பால் பிழைத்து, பாட்டையும் தாளத்தையும் கைவிடாமல் காத்த மக்கள் அவர்கள். தோட்டத்து மக்களாகிய நமக்கு அந்தக் கதை அந்நியமானதல்ல.

ஃபிளமெங்கோ கிட்டாரை எடை குறைந்த சைப்ரஸ் மரத்தில் மெல்லிய பலகைகளாகச் செய்தார்கள். பாட்டுக்கும் காலடித் தாளத்துக்கும் நடுவே வாசிக்க வேண்டியிருப்பதால் ஓசை சட்டென்று எழவேண்டும். வாசிப்பவர் கிட்டாரை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொள்வார். தலை கனத்தால் கழுத்து சாயும், இடக்கை அதைத் தாங்க வேண்டியதாகும். ஆகவே உலோகம் எதுவும் இல்லாமல், துளையில் செருகிய மரப்பிருடைகளையே வைத்தார்கள். நம் வீணையிலும், வயலினிலும் இருப்பது போன்ற அதே அமைப்புத்தான். இன்றைய கிட்டாருக்கு வடிவம் தந்த அல்மேரியா நகரத்து அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892) சைப்ரஸ் மரத்திலும் கிட்டார்கள் செய்திருக்கிறார்.

மரப்பிருடைக்கு ஒரு சங்கடம் உண்டு. அதைக் கால் சுற்று சுற்றினாலே தந்தி அரை சென்டிமீட்டருக்கு மேல் இழுபடும். நுண்ணிய சுருதி சேர்க்கப் பழகிய கை வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் மரம் பருத்து இறுகும், வறண்டால் நழுவும். ஆகவே ஃபிளமெங்கோ கலைஞர்களில் பெரும்பாலோரும் நாளடைவில் பற்சக்கரம் வைத்த உலோக முறுக்காணிக்கு மாறினார்கள். மரப்பிருடையை விரும்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெளியே பார்த்தால் மரப்பிருடை, உள்ளே சிறிய பற்சக்கரங்கள் என்று இரண்டையும் இணைத்த வகையும் இப்போது விற்பனையில் இருக்கிறது.

பற்சக்கர முறுக்காணி எப்படி வேலை செய்கிறது? கார் சக்கரம் மாற்றும்போது திருகு ஜாக்கியைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியைச் சுற்றினால் கார் மெல்ல உயரும். கையை எடுத்துவிட்டாலும் கார் இறங்குவதில்லை. திருகின் புரி அதைத் தாங்கிக்கொள்கிறது. கிட்டாரிலும் அப்படித்தான். நாம் பிடியைத் திருகினால் புரியாணி சுழலும். அது பற்சக்கரத்தைத் தள்ளும். பற்சக்கரம் தந்தி சுற்றிய உருளையைத் திருப்பும். தந்தி எவ்வளவு இழுத்தாலும் பற்சக்கரத்தால் புரியாணியைப் பின்னோக்கித் திருப்ப முடியாது. இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. பற்களும் புரியும் நல்ல நிலையில் இருந்தால், முறுக்காணி தானாகப் பின்னோக்கிச் சுழன்று சுருதியை இறக்குவது அரிது.

ஆகவே, காசைச் செலவிடுவதற்கு முன் குற்றவாளி முறுக்காணிதானா என்று விசாரிக்க வேண்டும்.

முதலாவது, தந்தி புதிதா? நைலான் தந்தி பூட்டிய பிறகு பல நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். தினமும் சுருதி இறங்குவது அதன் இயல்பு. ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, முடிச்சு. குதிரைப் பக்கம் போட்ட முடிச்சு நழுவினாலும், உருளையில் தந்தியைச் சரியாக மடக்கிப் பூட்டாவிட்டாலும் சுருதி இறங்கும். இதற்குத் தேவை புதிய முடிச்சு மட்டுமே.

மூன்றாவது, தலைக்குக் கீழே தந்திகள் படிந்து செல்லும் வெள்ளைத் துண்டைக் கவனியுங்கள். பிடியைத் திருகும்போது சுருதி நகராமல் இருந்து, திடீரென்று ‘டிக்’ என்ற ஓசையோடு தாவுகிறதா? அப்படியானால் அந்தப் பள்ளத்தில் தந்தி சிக்குகிறது. தந்தியைத் தளர்த்தி, பள்ளத்தில் பென்சில் முனையால் சிறிது தேய்த்துவிட்டால் போதும். பென்சில் கரி வழுக்க உதவும்.

நான்காவது, வெப்பமும் ஈரமும். தகரக் கூரையின் கீழே நண்பகல் வெக்கையில் ஒரு சுருதி, மழை பெய்த இரவில் வேறொரு சுருதி. நம் நாட்டில் இது தவிர்க்க முடியாதது. கிட்டாரை வெயில் படும் சுவரில் மாட்டாமல் இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

ஐந்தாவதாகத்தான் முறுக்காணியைப் பார்க்க வேண்டும். பற்சக்கரத்தின் நடுவில் ஒரு சிறு திருகாணி இருக்கும். அது தளர்ந்திருந்தால் சிறிய திருப்புளியால் மெதுவாக இறுக்குங்கள். பற்களில் தூசியும் துருவும் படிந்திருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷால் துடைத்து, தையல் யந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது தூசியைச் சேர்த்துப் பிசுக்காகும். எண்ணெய் மரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிள்ளான் துறைமுகப் பக்கம் கடற்காற்றில் உப்பு இருக்கும். அந்த வட்டாரத்து வீடுகளில் இந்தத் துடைப்பு வேலையை அடிக்கடி செய்ய வேண்டும்.

பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் சிறிதளவு வெறும் ஆட்டம் இருக்கும், அது இயற்கை. அதனால்தான் சுருதியை எப்போதும் கீழிருந்து மேலாக ஏற்றிச் சேர்க்க வேண்டும். மேலே போய்விட்டால், நன்றாக இறக்கி மறுபடி ஏற்றுங்கள். ஆனால் அரைச் சுற்றுத் திருகியும் உருளை அசையவில்லை, பல் மழுங்கிவிட்டது, உருளை வளைந்துவிட்டது, புரியாணியைத் தாங்கும் காது உடைந்துவிட்டது என்றால் மாற்றித்தான் ஆகவேண்டும். பிளாஸ்டிக் பிடி மட்டும் உடைந்திருந்தால் பிடி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

சரி, மாற்றுவது என்று தீர்மானித்துவிட்டோம். கடைக்குப் போகுமுன் அளவு எடுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளையின் அடிக்கோல் போதும்.

நைலான் கிட்டாரின் தலையில் இரண்டு நீளமான திறப்புகள் இருக்கும். பக்கத்துக்கு ஒரு தகடு. தகட்டுக்கு மூன்று முறுக்காணி. பக்கத்திலுள்ள முதல் உருளையின் நடுவிலிருந்து மூன்றாம் உருளையின் நடுவரை அளந்து பாருங்கள். 70 மில்லிமீட்டர் இருந்தால், உருளைக்கு உருளை இடைவெளி 35 மில்லிமீட்டர். இதுவே இன்று பரவலாக வழங்கும் அளவு. 78 மில்லிமீட்டர் இருந்தால் இடைவெளி 39. சில பழைய கிட்டார்களிலும் மலிவான கிட்டார்களிலும் இது உண்டு. இந்த நான்கு மில்லிமீட்டரை அலட்சியம் செய்து வாங்கினால், எவ்வளவு உயர்ந்த முறுக்காணியும் உங்கள் கிட்டாரில் பொருந்தாது. முதல் உருளைக்கும் மூன்றாம் உருளைக்கும் இடையே அளப்பதில் ஒரு நன்மை உண்டு. அளவில் சிறு பிசகு வந்தாலும் அது இரண்டாகப் பிரிந்துவிடும்.

அடுத்தது உருளையின் பருமன். நைலான் தந்திக்கான உருளை வெள்ளையாக, பருமனாக, 10 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டிருக்கும். இரும்புத் தந்திக்கான முறுக்காணியில் தண்டு மெல்லிய உலோகமாக இருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கக் கூடாது. மரத்திலுள்ள துளையின் குறுக்களவையும் அளந்துகொள்ளுங்கள். உருளையின் நீளம், தகட்டின் நீளம், திருகாணித் துளைகள் இருக்கும் இடம் ஆகியவற்றையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். இதைவிட எளிய வழி, பழைய தகடுகள் இரண்டையும் கழற்றித் துணியில் சுற்றிக் கடைக்கே எடுத்துச் செல்வதுதான்.

கடையில் எப்படிக் கேட்பது? “அண்ணே, கிட்டார் கீ இருக்கா?” என்று மட்டும் கேட்டால், கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுப்பார். “அண்ணே, நைலான் தந்திக் கிட்டாருக்கு. மூன்று கீ சேர்ந்த தகடு, இடம் வலம் இரண்டும் வேண்டும். நடுவுக்கு நடு 35, உருளை 10” என்று கேளுங்கள். “தம்பி விவரம் தெரிந்துதான் வந்திருக்கிறார்” என்று அவரும் கவனமாகத் தேடித் தருவார்.

பெட்டியின் மேல் 14க்கு 1, 16க்கு 1, 18க்கு 1 என்று எண்கள் இருக்கலாம். 14க்கு 1 என்றால், பிடியை 14 முறை சுற்றினால்தான் உருளை ஒரு முறை சுற்றும். உருளையின் சுற்றளவு ஏறக்குறைய 31 மில்லிமீட்டர். ஆகவே, பிடியை ஒரு முறை சுற்றும்போது தந்தி 2.2 மில்லிமீட்டர் இழுபடும். 18க்கு 1 என்றால் 1.7 மில்லிமீட்டர்தான். எண் கூடக் கூட நுட்பமாகச் சுருதி சேர்க்கலாம். ஆனால் தந்தி மாற்றும்போது அதிக நேரம் சுற்ற வேண்டியிருக்கும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு 14 தாராளமாகப் போதும். எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அதிக விலை கொடுக்கத் தேவையில்லை. பற்கள் செம்மையாக வெட்டப்பட்டிருப்பதே முக்கியம்.

அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஆறு பிடிகளையும் ஒவ்வொன்றாக முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் தளர்ந்தால் அந்தச் சக்கரம் வட்டமாக இல்லை. உருளையை இரு விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள்; அதிகமாக ஆடக் கூடாது. பூ வேலைப்பாடும் தங்க முலாமும் கண்ணுக்கு அழகுதான். சுருதிக்கு அவற்றால் பயன் இல்லை. ஜப்பானின் கோத்தோ, ஜெர்மனியின் ஷாலர் போன்ற பெயர்பெற்ற முறுக்காணிகள் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் கிட்டாரின் விலைக்கும் முறுக்காணியின் விலைக்கும் ஒரு பொருத்தம் வேண்டும். எளிய கிட்டாருக்கு நடுத்தரமானதே போதும். எடை குறைந்த ஃபிளமெங்கோ வகைக் கிட்டாராக இருந்தால், கனமான தகட்டைத் தவிர்த்து இலேசானதைத் தேடுங்கள்.

பொருத்தும் வேலையை வீட்டிலேயே செய்யலாம். எல்லாத் தந்திகளையும் தளர்த்திக் கழற்றுங்கள். பழைய தகட்டை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகுங்கள். பழைய தகட்டில் பற்சக்கரம் புரியாணிக்கு எந்தப் பக்கம் இருந்ததோ, அதே பக்கம் இருக்கும்படி இடம் வலம் பார்த்து வையுங்கள். உருளைகள் துளைக்குள் தாமாக வழுக்கிச் செல்ல வேண்டும். சுத்தியலால் தட்டக் கூடாது. தலையின் மரம் மெல்லியது, பிளந்துவிடும். திருகாணிப் புரியில் சிறிது சோப்பைத் தடவிக்கொண்டால் எளிதாக இறங்கும். பழைய துளை தளர்ந்திருந்தால், பல்குத்தும் குச்சியை மரப்பசையில் தோய்த்துத் துளையில் செருகி, ஓர் இரவு காயவிட்டுப் பிறகு திருகுங்கள்.

திருகாணிகளை இறுக்கிய பிறகு, தந்தி இல்லாமலே ஆறு பிடிகளையும் சுற்றிப் பாருங்கள். முன்பு இலேசாகச் சுற்றியது இப்போது இறுகுகிறதா? அப்படியானால் துளைகளும் உருளைகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை. திருகாணிகளைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். அப்போதும் இறுகினால், துளையை அகலப்படுத்தும் வேலையைக் கைத்தேர்ச்சியுள்ளவரிடம் விட்டுவிடுங்கள். ரப்பர் வெட்டும் கத்தியை மரத்தில் எவ்வளவு ஆழம் இறக்கலாம் என்பது தொழில் தெரிந்த கைக்குத்தானே தெரியும்? இதுவும் அப்படித்தான்.

இறுதியாக வீணையைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில், 1981இல் தொடங்கப்பட்ட நுண்கலைக் கோயில் போன்ற இடங்களில் நம் பிள்ளைகள் இந்திய இசையும் நடனமும் கற்கிறார்கள். வீணை வைத்திருக்கும் பெற்றோர், “பிருடை நழுவுகிறது. கிட்டார் கீயை அதில் பூட்டிவிடலாமா?” என்று கேட்பதுண்டு. இன்று செய்யப்படும் சில வீணைகளில் பற்சக்கர முறுக்காணிகளைப் பொருத்தித்தான் தருகிறார்கள். அவற்றில் சுருதி சேர்ப்பது எளிது. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மரப்பிருடைக்கென்று செய்த பழைய வீணையில் நாமே துளை போட்டு மாற்றுவது கூடாது. பிருடைத் துளை ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கியிருக்கும். ஒருமுறை அதைக் கெடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது.

பிருடை நழுவினால் அதைக் கழற்றி, துளையைத் தொடும் இடத்தில் சிறிது சுண்ணக்கட்டி தடவுங்கள். இறுகிச் சுற்ற மறுத்தால் சிறிது உலர்ந்த சோப்பைத் தடவுங்கள். சுருதி சேர்க்கும்போது பிருடையைத் திருகிக்கொண்டே மெல்ல உள்ளே அழுத்துங்கள். நுண்ணிய மாற்றத்துக்குத் தந்தியின் வால் பக்கத்தில் இருக்கும் சிறு வளையங்களைப் பயன்படுத்துங்கள். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால், அந்தத் துளைக்கு ஏற்றபடி புதிய பிருடை கடைந்து தரவேண்டும். அது வீணை செய்யத் தெரிந்தவரின் வேலை. பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் பக்கமும், கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா பக்கமும் இந்திய வாத்தியங்கள் விற்பவர்களை விசாரித்தால், பழுது பார்ப்பவர் யார் என்று வழி சொல்வார்கள். இரண்டு ஊர்களையும் ரயில் இணைக்கிறது. ஒரே நாளில் இரண்டு இடத்திலும் விலை கேட்டுவிட்டு, மறுநாள் வாங்கலாம், அவசரம் வேண்டாம்.

நேயர்களே, இளையராஜா அவர்கள் ‘அன்னக்கிளி’ படத்தின் வழியாக 1976இல் நமக்கு அறிமுகமானார். கிராமத்திலிருந்து வந்த அவர் மேலை முறைக் கிட்டாரையும் முறையாகக் கற்றுத் தேர்ந்தவர். பினாங்கில் தோன்றிய அலேகேட்ஸ் குழுவின் ஆறுமுகம் சகோதரர்களை இந்த நாடே அறியும். எந்த வீட்டிலிருந்து யார் வருவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எல்லாப் பிள்ளைகளும் பேர்பெற்ற கலைஞர்கள் ஆகவேண்டும் என்பதும் இல்லை. வேலை முடிந்து வந்த அப்பாவும் அம்மாவும் கேட்க, மாலையில் ஒரு பாட்டைச் சுருதி பிசகாமல் வாசித்தால் அதுவே அந்த வீட்டுக்கு ஒரு செல்வம். கற்கும் பிள்ளையின் காது இளமையானது. சுருதி நில்லாத வாத்தியத்தில் பழகினால் அந்தக் காது தவறான சுருதியையே சரியென்று பழகிக்கொள்ளும். அல்லது, “எனக்கு இசை வராது” என்று பிள்ளை தன்மேலேயே பழிபோட்டுக்கொண்டு ஒதுங்கிவிடும். பழுது உறுப்பில் இருக்க, பழியைப் பிள்ளை சுமக்கலாமா?

ஆகவே, பரணில் இருக்கும் கிட்டாரை இந்த வார விடுமுறையில் இறக்குங்கள். தூசி தட்டுங்கள். தந்தியா, முடிச்சா, முறுக்காணியா என்று வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சொட்டு எண்ணெயிலோ, ஒரு முடிச்சிலோ காரியம் முடிந்துவிடும். முடியாவிட்டால், அடிக்கோலை எடுத்து அளந்து, அந்த அளவைத் தாளில் குறித்துக்கொண்டு கடைக்குப் புறப்படுங்கள்.